கோடு சேராத புள்ளிகள்

அவையோருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் என்.டி.ஐ.எஸ். என்று ஒரு திட்டம் இருக்கிறது. தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டம். 2013இல் சட்டமாகி, அதே ஆண்டு ஜூலையில் சில பகுதிகளில் சோதனையாகத் தொடங்கியது. இன்று 6 லட்சம் பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள். முன்பெல்லாம் அரசு, சேவை தரும் நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கும். நிறுவனம் தருவதை மாற்றுத்திறனாளி வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போது பணம் அவரவர் பெயரில் ஒதுக்கப்படுகிறது. யாரிடம் சேவை பெறுவது என்பதை அவரே முடிவு செய்யலாம். இதை நான் மனமார வரவேற்கிறேன். ஒரு மனிதரின் சுயமரியாதை இதில் இருக்கிறது.

ஆனால் கையில் பணம் இருந்தால் போதுமா? வாங்கக் கடை இருக்க வேண்டுமே! குயின்ஸ்லாந்தின் மவுன்ட் ஐசா சுரங்க நகரம், கடற்கரை ஊரான டவுன்ஸ்வில்லிலிருந்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதற்கும் அப்பால் சின்னச் சின்ன பூர்வகுடி ஊர்கள். அங்கே ஒரு குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சிக்கென்று பணம் ஒதுக்கியிருந்தாலும், பயிற்சியாளர் வராவிட்டால் அது காகிதத்தில் ஓர் எண், அவ்வளவுதான். இத்தகைய இடங்களை அங்கே 'மெலிந்த சந்தை' என்கிறார்கள்.

மெலிவை எப்படிக் கண்டுபிடிப்பது? வட்டாரத்தில் எத்தனை சேவையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது ஒரு வழி. அந்த எண்ணிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதிவு செய்த எல்லோரும் வேலை செய்வதில்லை. ஒரே பயிற்சியாளர் மூன்று நிறுவனங்களுக்கு வேலை பார்த்தால் பட்டியலில் மூன்று. ஊருக்கு வந்துபோகும் கால்கள் இரண்டுதான்.

யாரோடு யார் இணைந்திருக்கிறார்கள் என்று வரைந்து பார்க்கும் வலைப்பின்னல் பகுப்பாய்வு இங்கேதான் கைகொடுக்கிறது. புள்ளிக் கோலம் போடுவது போலத்தான். ஒரு பக்கம் மாற்றுத்திறனாளிகள், மறுபக்கம் சேவையாளர்கள். சேவைக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தால் இருவருக்கும் இடையே ஒரு கோடு. கொடுத்த பணத்தை மட்டும் வைத்து வரைந்தால் பெரிய தவறு நேரும்: ஒரு சேவையும் கிடைக்காதவர் படத்திலேயே வரமாட்டார். அதனால் முதலில் ஒதுக்கீட்டை வைத்துப் புள்ளிகளை இடவேண்டும், பிறகு கோடு இழுக்கவேண்டும். கோடு சேராத புள்ளி அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்து, ஒவ்வொரு புள்ளியாக அழித்துப் பாருங்கள். ஒரு சேவையாளரை எடுத்தவுடன் இருபது குடும்பங்கள் தனித்துவிடுகின்றன என்றால், அந்த ஊரின் சேவை ஒரே ஆணியில் தொங்குகிறது என்று பொருள். சில நேரம் அந்த ஆணி சிகிச்சை தருபவர்கூட இல்லை. யாரிடம் போகலாம் என்று வழிகாட்டும் ஒருங்கிணைப்பாளர். மற்றவர்களை இணைக்கும் பாதைகளில் ஒருவர் எத்தனை முறை இடையில் நிற்கிறார் என்பதற்கு சமூகவியலாளர் லின்டன் ஃப்ரீமன் 1977இல் ஓர் அளவு வகுத்தார். அந்த அளவு உயர்ந்திருக்கும் ஒருங்கிணைப்பாளர் எல்லோரையும் ஒரே நிறுவனத்துக்கு அனுப்பினால், 'தேர்வு செய்யும் உரிமை' என்பது பெயரளவில்தான்.

இந்தக் குறைக்கான மருந்தும் இடத்துக்கு இடம் மாறும். தொலைதூரப் பகுதிகளில் சேவையாளர் கேட்கக்கூடிய விலை உச்சவரம்பை 40 விழுக்காடு, மிகத் தொலைவு என்றால் 50 விழுக்காடு கூட்டித் தருகிறார்கள். வந்துபோகிறவர் ஒருவர் இருக்கும் ஊரில் அது அவரைத் தக்கவைக்கலாம். கோடே இல்லாத ஊரில் விலையை ஏற்றி என்ன பயன்? அங்கே அரசே ஊர் மக்களோடு பேசி, சம்பளத்துக்கு ஆள் அமர்த்தவேண்டும் என்பது என் கருத்து. புரூஸ் போனிஹாடி, லிசா பால் தலைமையில் 2023இல் வந்த, இந்தத் திட்டத்தின் மறுஆய்வு அறிக்கையும் தொலைதூர, பூர்வகுடிச் சமூகங்களுக்குச் சந்தையை மட்டும் நம்பாத வேறு ஏற்பாடுகளைப் பரிந்துரைத்தது.

இந்தப் படத்தில் விழாத ஒரு கோடு உண்டு. கூலி வாங்காமல் பார்த்துக்கொள்ளும் தாய், அக்கா, பாட்டி. பணம் கைமாறாததால் பணம் கொடுத்த பதிவுகளில் அவர்கள் இல்லை. அந்தக் கோட்டை வரைய, வீடுவீடாகப் போய்த்தான் கேட்கவேண்டும்: காலையில் உங்களைக் குளிப்பாட்டி விடுவது யார்? அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் யார் வருகிறார்கள்?