73 டிகிரிக்கு மேல் பச்சை கிடையாது
(திருவொற்றியூரில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அத்திப்பட்டு அனல்மின் நிலையம் வெளியேற்றும் வெந்நீரில், நான் பேசவந்த இந்தச் சூடு விரும்பும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாக்கள் வளருமா என்று வந்ததுமே ஒரு தம்பி கேட்டார். அந்த வெந்நீர் இவற்றுக்குக் குளிர், தம்பி! அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் சைனெக்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. ஆனால் 73, 74 டிகிரியோடு எல்லாப் பச்சையும் நின்றுவிடும். ஒளியை நம்பாத நுண்ணுயிர்களில் 122 டிகிரி வரை பெருகுவதும் உண்டு. அப்படியானால் ஒளிச்சேர்க்கைக்கு மட்டும் ஏன் இந்தத் தடை?

முதலில் செல்லின் சவ்வு, அதாவது அதைச் சுற்றியும் உள்ளேயும் இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறையும், நல்லெண்ணெய் உறையாது. கொழுப்பு அமிலங்கள் நிறைவுற்றவையா இல்லையா என்பதுதான் காரணம். சூட்டில் சவ்வு தளர்ந்தால் அதன் ஒருபுறம் சேர்த்துவைத்த புரோட்டான்கள் கசியும், ஆற்றல் சேமிக்க வழியிருக்காது. அதனால் இவை சவ்வில் உறையும் வகைக் கொழுப்பையே கூட்டிக்கொள்கின்றன.

அடுத்தது நீரைப் பிளக்கும் உறுப்பு: 4 மாங்கனீசு, 1 கால்சியம், 5 ஆக்சிஜன் சேர்ந்த சிறு கொத்து. கீரையில் 40 டிகிரியைத் தாண்டினாலே இது தடுமாறும். 2011இல் அணு அணுவாக இதன் அமைப்பைக் காட்டியவர்கள் கீரையை எடுக்கவில்லை. சூட்டில் குலையாத ஜப்பானிய வெந்நீரூற்றுப் பாக்டீரியாவைத்தான் எடுத்தார்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது தெர்மோகுரோமேட்டியம் டெபிடம் என்ற வெந்நீரூற்று ஊதா பாக்டீரியா. ஒளி வாங்கும் புரத வளையத்தை 16 கால்சியம் அயனிகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. அவற்றை நீக்கினால் 915 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும் ஒளி உறிஞ்சல் 880க்கு இறங்கும், சூடு தாங்கும் வலிமையும் போய்விடும். சிமென்ட் உதிர்ந்த சுவர் மாதிரி.

ஆய்வகத்தில் குளோரோஃபிளெக்சஸ் என்ற இன்னொரு வெந்நீரூற்றுப் பாக்டீரியாவை வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 55 டிகிரி, pH 8 ஒட்டி, குப்பியைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். வெள்ளை எல்இடி விளக்கு வைத்து ஏமாறாதீர்கள். இதன் முக்கிய நிறமி வாங்குவது 740 நானோமீட்டர் ஒளி, எல்இடியில் அது ஏறக்குறைய இல்லை. பழைய குண்டு பல்பு போதும். இயற்கையிலும் இது பச்சைப் படலத்துக்கு அடியில், மேலே உள்ளவை விட்டுவைத்த ஒளியில்தான் வாழ்கிறது. பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ்த் தட்டு இந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்து உப்பு ஏறிவிடும். பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். பச்சையாக இருந்த குப்பி ஆரஞ்சாக மாறினால் செத்துவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். உள்ளே காற்று புகுந்திருக்கும். ஆக்சிஜன் பட்டால் இது பச்சை நிறமி தயாரிப்பதை நிறுத்திவிட்டு மூச்சுவிட்டே பிழைத்துக்கொள்ளும். மூடியை முதலில் பாருங்கள்.