தடத்துக்கும் பொறுப்பு உண்டு

வணக்கம். குளிர்கால விளையாட்டுகளில் வேகத்தின் ஆபத்து பற்றிப் பேசச் சொன்னார்கள். பனிச்சறுக்கு, பாப்ஸ்லெட், ஸ்கெலிட்டன் என்று நிறைய இருக்கிறது. நான் லூஜ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதிலும் ஒரே ஒரு வளைவை.

லூஜ் பார்க்காதவர்களுக்காக: இருபது, இருபத்தைந்து கிலோ எடையில் ஒரு சின்னச் சறுக்குவண்டி. அடியில் இரண்டு எஃகுப் பட்டைகள். வீரர் அதில் மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு, பனிக்கட்டித் தடத்தில் இறங்குகிறார். பிரேக் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. கெண்டைக்காலையும் தோளையும் அழுத்தித்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். தலையைத் தூக்கினால் காற்று தடுத்து வேகம் குறையும். அதனால் வழியைக் கண்ணால் பார்ப்பதைவிட முதுகால் உணர்ந்துதான் போகிறார்கள். ஒரு தடத்தில் பலமுறை இறங்கிப் பழகியவருக்கும் புதியவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கே உயிர்க் கணக்கு.

2010 பிப்ரவரி 12. கனடாவில் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கும் நாள். விஸ்லர் மலைத் தடத்தில் கடைசிக் கட்டப் பயிற்சி. ஜார்ஜியாவின் நோடார் குமாரிதாஷ்விலி, வயது 21. லூஜ் பரம்பரை, அப்பாவும் அதே விளையாட்டுக்காரர். அங்கே ஒரு வளைவு பயமாக இருக்கிறது என்று மகன் தன்னிடம் சொன்னதாகப் பிறகு அந்தத் தந்தை பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

பதினைந்தாம் வளைவிலிருந்து அவர் சற்றுத் தாமதமாக வெளியே வந்தார். அடுத்தது கடைசி வளைவு. வேகம் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல், அதாவது வினாடிக்குச் சுமார் 40 மீட்டர். வண்டி கைமீறி, எதிர்ப்பக்கத் தாழ்ந்த சுவரைத் தாண்டி அவரைத் தூக்கி எறிந்தது. சுவருக்கு அப்பால் எஃகுத் தூண் நின்றது. அதைச் சுற்றி ஒரு மெத்தைகூடக் கட்டவில்லை. அதில் மோதி அவர் இறந்தார்.

சர்வதேச லூஜ் சம்மேளனம் அன்றே விசாரித்து, வீரர் தாமதமாகத் திரும்பியதுதான் காரணம், தடத்தில் குறையில்லை என்றது. அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தச் சுவரை உயர்த்தினார்கள். பனிக்கட்டியின் வடிவை மாற்றினார்கள். ஆண்கள் புறப்படும் இடத்தைப் பெண்களின் இடத்துக்கும், பெண்களுடையதை அதற்கும் கீழே இளையோர் இடத்துக்கும் இறக்கினார்கள். வீரர்களின் மனநிலையை எண்ணி இப்படிச் செய்ததாக விளக்கமும் தந்தார்கள். இந்த விளக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒரே இரவில் முடிந்த வேலையை ஒரு வாரம் முன்பே செய்திருக்கலாமே?

தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. தடம் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாக அமைந்துவிட்டது என்று 2009லேயே சம்மேளனம் கவலைப்பட்டுக் கடிதம் எழுதியிருக்கிறது. மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டியவர்கள் இருந்தார்கள். அதோடு, போட்டி நடத்தும் நாட்டின் வீரர்களுக்குச் சொந்தத் தடத்தில் பழகக் கிடைத்த வாய்ப்பு வெளிநாட்டவருக்குக் கிடைக்கவில்லை. தடத்தோடு போதிய பழக்கம் இல்லாததையும் ஒரு காரணமாகப் பின்னர் கனடாவின் மரண விசாரணை அதிகாரி குறிப்பிட்டார். பதக்கப் பட்டியலுக்காகப் பயிற்சி நேரத்தைப் பதுக்கினால், அதன் விலையைச் சிறிய நாட்டுப் பையன்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் இந்திய லூஜ் வீரர் சிவ கேசவனும் அந்தப் போட்டியில் இருந்தார். பனித்தடமே இல்லாத நாட்டிலிருந்து, வண்டியில் சக்கரம் மாட்டி இமயமலைச் சாலைகளில் லாரிகளுக்கு நடுவே பழகியவர். அவர் துணிச்சலைக் கைதட்டிப் பாராட்டுகிறோம், சரி. பாதுகாப்பான தடம் கொடுக்காமல் ஒருவரைத் துணிச்சல்காரராக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

1964 இன்ஸ்புருக்கில் லூஜ் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோதும் ஒரு பிரிட்டன் வீரர் பயிற்சியில் இறந்திருக்கிறார். ஆக ஆபத்து புதிதில்லை. பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, நான் கேட்பது இவ்வளவுதான்: மனிதன் தவறு செய்வான் என்று தெரிந்தே தடத்தைக் கட்டுங்கள். கால் அங்குலம் பிசகியதற்கு மரண தண்டனை கூடாது.

அது முடியாத காரியமில்லை. 2014 சோச்சி ஒலிம்பிக் தடத்தில் வேகத்தைக் குறைக்கவென்றே மூன்று இடங்களில் மேல்நோக்கி ஏற்றம் வைத்துக் கட்டினார்கள். போட்டியின் சுவை குறையவில்லை. விஸ்லரில் இறக்கப்பட்ட இடத்திலிருந்து புறப்பட்டுத் தங்கம் வென்ற ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லோக், ஏற்றங்கள் வைத்த சோச்சியிலும் தங்கம் வென்றார்.