வேடந்தாங்கல் பறவைகளுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

[காட்சி: ஏரிக்கரை, சாயங்காலம். தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள். கிளை தெரியாத அளவுக்கு நாரைகள்.]

வணக்கம். ஜனவரி மாதம் வேடந்தாங்கல் கரையில் ஏறி நின்றால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வேலை. குஞ்சுகள் போடும் கூச்சல் அப்படி. அடுத்தது மூக்கு. எச்சத்தின் வாடை காற்று திரும்பும்போதெல்லாம் வந்து அடிக்கும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா என்று ஒரே மரத்தில் நாலைந்து இனம் கூடு கட்டியிருக்கும்.

ஏரியின் பரப்போ சுமார் 30 ஹெக்டேர்தான். ஏக்கர் கணக்கில் 75ஐ ஒட்டி வரும். நல்ல மழை பெய்த வருஷத்தில் இங்கே பல ஆயிரம் பறவைகள் சேரும். அத்தனைக்கும், அவற்றின் குஞ்சுகளுக்கும் இந்த ஒரு ஏரியின் மீன் எந்த மூலைக்குக் காணும்?

காணாது. இது அவற்றுக்குப் பிரசவத்துக்கு வந்து தங்கும் வீடு மாதிரி. அடுப்பு எரிவது சுற்றியுள்ள ஊர்களின் ஏரிகளிலும் நெல் வயல்களிலும்.

[வரைபடம்: செங்கல்பட்டு மாவட்டம். மதுராந்தகம் வட்டத்தில் நீலப் புள்ளிகளாக ஏரிகள்.]

அதற்குள் போகும் முன் ஒன்றைத் தீர்த்துவிடலாம். 'சைபீரியாவிலிருந்து முட்டை போட வரும் பறவைகள்' என்று பள்ளிக்கூடச் சுற்றுலாவிலிருந்தே கேட்டுப் பழகிவிட்டோம். கூடு கட்டுகிறவை பெரும்பாலும் நம் துணைக்கண்டத்துப் பறவைகள்தான். மழையையும் தண்ணீரையும் பார்த்து ஊர் மாறுகிறவை. ஊசிவால் வாத்து போன்றவை வடக்கே தூர தேசங்களிலிருந்து வருவது உண்மை. ஆனால் அவை குளிர்காலத்தைக் கழிக்க வருகிறவை. முட்டையிடுவது அவற்றின் ஊரில்தான்.

சரி, பறவைகள் எதைப் பார்த்து வருகின்றன? மழையை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் வரத்துக்கால், அதாவது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் இறங்கும். ஏரிக்குள் இருக்கும் கடம்பும் கருவேலமும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கத் தொடங்கும். நரியோ பூனையோ நாயோ மரத்தடிக்கு லேசில் வர முடியாது. மழை பொய்த்து மரத்தடி காய்ந்து கிடந்தால் பல பறவைகள் கூடு கட்டவே துணியாது.

ஆனால் தண்ணீர் நிறைவது பாதிக் கதைதான். மீதிப் பாதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை: தண்ணீர் வற்றுவது.

[காட்சி: தண்ணீர் பின்வாங்கிய ஏரி விளிம்பு. ஈரச் சேறு, ஆழமில்லாத குட்டைகள், நடந்து மேயும் நாரைகள்.]

கார்த்திகையில் ஏரி ததும்பி நிற்கும்போது மீன் குஞ்சுகள் பரந்த தண்ணீரில் சிதறிக் கிடக்கும். நாரைக்கு அது சிரமமான வேட்டை. நாரை நீந்திப் பிடிப்பதில்லை, கால் ஊன்றி நடந்து பிடிக்கிறது. கால் உயரத்தை விட ஆழமான தண்ணீர் அதற்கு இருந்தும் இல்லாததுதான். தை பிறந்தபின் மதகு திறந்து வயலுக்குத் தண்ணீர் போகும், வெயிலும் கொஞ்சம் குடிக்கும். ஏரி சுருங்கச் சுருங்க அதே மீனும் நத்தையும் சின்ன இடத்தில் நெருங்கி வந்து சேரும். கூட்டில் குஞ்சுகள் ஓயாமல் வாயைப் பிளக்கும் மாதங்களும் இவைதான்.

எல்லா ஏரியும் ஒரே நாளில் வற்றாது என்பதுதான் இதில் அழகு. சிறிய ஏரி முதலில், பெரியது கடைசியில். நடுவில் சம்பா அறுவடையான ஈர வயல், பக்கத்திலேயே அடுத்த நெல் பட்டமான நவரைக்கு உழுத வயல். ஒன்று காலியானால் அடுத்ததற்குப் பறக்கலாம். மேல் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்குப் போகும் அந்தச் சங்கிலியை விவசாயத்துக்காக வெட்டியவர்கள், பறவைக்கு மாதக்கணக்கில் சாப்பாட்டு ஏற்பாடும் செய்துவிட்டார்கள்.

[நெருங்கிய காட்சி: நத்தைகுத்தி நாரையின் அலகு.]

இந்த அலகைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். மூடிய பிறகும் நடுவில் ஓர் இடைவெளி, அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். குஞ்சுக்கு இது இருக்காது, வளர வளரத்தான் வரும். இந்தச் சந்தில் நத்தையை வைத்துப் பாக்குவெட்டியில் போல நொறுக்கும் என்று நினைக்கத் தோன்றும். நாரை அப்படிச் செய்வதில்லை. மேல் அலகால் நத்தையைத் தரையோடு அழுத்திக்கொண்டு, கீழ் அலகின் கூர்நுனியை ஓட்டின் வாய்க்குள் விட்டு, சதையைப் பிடித்திருக்கும் தசையை அறுத்து உருவிவிடும். ஓடு பெரும்பாலும் முழுசாகக் கிடக்கும். வரப்போரத்தில் காலி நத்தை ஓடுகள் கிடந்தால், வந்து போனது யார் என்று யூகிக்கலாம்.

அப்படியென்றால் வயலில் நத்தை இருக்க வேண்டும். பூச்சிமருந்து ஓயாமல் விழும் வயலில் நத்தையும் தவளையும் குறையும். கூடு கட்டிய மரத்துக்கு எத்தனை காவல் போட்டாலும் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட முடியாது.

[காட்சி: மதகிலிருந்து வாய்க்காலில் இறங்கும் பச்சைத் தண்ணீர்.]

வேடந்தாங்கல்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பறவை எச்சம் விழுந்த தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கும், அந்தத் தண்ணீர் பாயும் வயல் நன்றாக விளையும். 1790களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல், அதாவது உரிமைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அங்கீகரித்தது 1936ல்தான். அதாவது ஊர் முந்திக்கொண்டது, அரசாங்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துப் பின்னால் வந்தது. வெறும் ஜீவகாருண்யம் என்று இதைச் சொல்ல மாட்டேன். பறவைக்குப் பாதுகாப்பு, வயலுக்கு உரம் என்கிற கொடுக்கல் வாங்கல் இது. அதனால்தான் இத்தனை தலைமுறை நின்றிருக்கிறது என்பது என் எண்ணம்.

[வரைபடம்: ஏரியை மையமாக வைத்து 5 கிலோமீட்டர் வட்டம். பிறகு அது 3 கிலோமீட்டராகச் சுருங்குகிறது.]

1998ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். வயல், வீடு, பட்டா நிலம் எல்லாம் அதற்குள் வரும். 2020ல் இதை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை வந்தது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது, யோசனை நடைமுறைக்கு வரவில்லை. அப்போது 'பறவை ஏரிக்குள்தானே இருக்கிறது, வெளியே இருக்கும் 2 கிலோமீட்டரில் என்ன?' என்று கேட்டவர்கள் உண்டு. இவ்வளவு நேரம் நாம் பார்த்ததெல்லாம் அதற்குத்தான் பதில். 2022ல் வேடந்தாங்கலும் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கரிக்கிலியும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே பலகை எதுவும் இல்லாமல் கிடக்கிற ஏரிகளும் அதே பறவைக்குத்தான் சோறு போடுகின்றன.

[காட்சி: ஏரிக்குள் பொக்லைன். செங்குத்தாக வெட்டிய கரை.]

இனி, நல்ல எண்ணத்தோடு நாம் செய்யும் ஒரு கெடுதல். தூர்வாருதல். வண்டல் எடுக்க வேண்டியதுதான், வரத்துக்கால் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டியதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பொக்லைனை இறக்கிக் கரையோரத்திலிருந்தே நேர்க்குத்தாக ஆழமாக வெட்டிவிட்டால் ஏரி ஒரு தொட்டியாகிவிடும். தண்ணீர் நிற்கும், நாரை நிற்க இடம் இருக்காது. விளிம்பிலிருந்து நடு ஏரிக்குச் சரிவாக இறங்கும் தரைதான் அதற்கு மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போட்டு, ரிப்பன் வெட்டும் நகரத்து ஏரிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். புகைப்படத்துக்கு லட்சணமாக இருக்கும், சேற்றில் கால் வைக்கிற ஒரு பறவைக்கும் ஆகாது.

[காட்சி: கிராம சபைக் கூட்டம். மரத்தடியில் நாற்காலிகள், மேசையில் தீர்மானப் புத்தகம்.]

உங்கள் ஊரில் ஏரி இருந்தால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடும். ஏரி வேலை பற்றிப் பேச்சு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கரையோரம் எத்தனை அடி ஆழம் வெட்டப்போகிறீர்கள்? ஏரிக்குள் இருக்கும் மரங்களை என்ன செய்வீர்கள்? வரத்துக்கால் எந்த மாதத்துக்குள் சரியாகும்? பதிலை வாய்வார்த்தையாக விடாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அன்றிலிருந்து ஐப்பசி மழைக்கு ஆறு மாதத்துக்கு மேல் நேரம் இருக்கிறது.