மணல்மேட்டுக்கு அடியில் இருக்கிற தண்ணீர்

வணக்கம். யாழ்ப்பாணத்தில், வடமராட்சி கிழக்கில் இருக்கிற மணற்காடு என்ற ஊரைப் பற்றி வானொலியில் பேச வாருங்கள் என்று கூப்பிட்டவர்கள், "அங்கே பார்க்கிறதுக்கு என்ன சேர் இருக்கு?" என்றும் கேட்டார்கள். மணல் இருக்கு என்றேன். சிரித்துவிட்டார்கள். ஆனாலும் எனக்குத் தந்த நேரத்தில் முக்கால்வாசியை மணலுக்குத்தான் செலவழிக்கப் போகிறேன். புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவனைக் கூப்பிட்டால் இப்படித்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணிப் பக்கம் போகிற வீதியில் வல்லிபுரம் தாண்டி, குடத்தனைக்கு வந்து, கடலை நோக்கித் திரும்பினால் மணற்காடு. மீன்பிடிக் கிராமம். கடைத்தெரு என்று சொல்ல ஒன்றுமில்லை. அகலமான கடற்கரை, அதற்குப் பின்னால் மணல்மேடுகள், பிறகு சவுக்கங்காடு. பழைய அந்தோனியார் கோயில் இடிந்து, பாதி மணலுக்குள் புதைந்து நிற்கிறது. வருகிற எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். பிறகு "கால் சுடுது" என்று வாகனத்தில் ஏறிவிடுவார்கள். நான் உங்களிடம் கேட்பது, வாகனத்தில் ஏற முதல் ஒருக்கால் அந்த மேட்டின் பின்பக்கம் இறங்கிப் பாருங்கள் என்பதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். இளவயதில் ஒரு வைகாசி மாதம், நல்ல வெய்யில், அந்த மேடுகளில் அலைந்து திரிந்து நாக்கு வறண்டு போயிருந்தேன். கொண்டுபோன தண்ணீர் முடிந்துவிட்டது. மேட்டின் பின்பக்கத்துப் பள்ளத்தில் ஒரு அம்மா விறகு பொறுக்கிக்கொண்டு நின்றார். "ஆச்சி, குடிக்கத் தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணிக்கு மேலே நின்றுகொண்டு தண்ணி கேக்கிறாய், தம்பி" என்றார். விறகைக் கீழே போட்டார். பள்ளத்தில் அடும்பு கொஞ்சம் பச்சையாகப் படர்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கையால் தோண்டத் தொடங்கினார். பிறகு ஒரு சிரட்டையால். முழங்கை ஆழம் இருக்கும், மணல் ஈரமாகி, ஓரம் சரிந்து, அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. முதல் வந்த கலங்கலை அள்ளி வெளியில் ஊற்றச் சொன்னார். இரண்டாவதையும் ஊற்றச் சொன்னார். எனக்குப் பொறுமை இல்லை, அவருக்கு இருந்தது. மூன்றாவதாக ஊறியது தெளிந்த தண்ணீர். வாயில் வைத்தேன். உப்பு ஒரு துளி இல்லை. திரும்பினால் கடல் இரைகிற சத்தம் கேட்கிறது, அவ்வளவு கிட்ட.

அவர் விறகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றுவரைக்கும் என் பேச்சு அந்தக் குழியைச் சுற்றித்தான்.

அது எப்படி நடக்கிறது? மழைத்தண்ணீர் மணலுக்குள் நேராக இறங்குகிறது. மணல் அதை ஓடவிடாது, கீழே விடும். கீழே கடலின் உப்புத் தண்ணீர் ஏற்கெனவே நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைவு. அதனால் இரண்டும் லேசில் கலக்காமல், நல்லது மேலே மிதக்கிறது. கடலில் நிற்கிற வள்ளத்தைப் போல, மேலே தெரிகிறது கொஞ்சம், கீழே அமிழ்ந்திருப்பது நிறைய. கணக்கு என்னவென்றால், கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தரான கைபென் என்பவரும், பிறகு 1901இல் ஜேர்மன்காரரான ஹெர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியாக இதைச் சொன்னார்கள். இரண்டு பேரும் பார்த்தது கடலோர மணலைத்தான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு மீற்றர் குறைந்தால், கீழே நாற்பது மீற்றர் உப்பு ஏறிவரும். மறுபடியும் சொல்கிறேன், வானொலியில் கரும்பலகை இல்லை: மேலே ஒன்று இறங்கினால் கீழே நாற்பது ஏறும். ஆற்றுத் தண்ணீரை நம்பாத, சுண்ணக்கல்லுக்கு மேல் இருக்கிற நம்முடைய குடாநாட்டில், வடமராட்சி கிழக்கின் மணல்மேடு ஒரு தண்ணீர்த் தாங்கி. பார்க்கிறவர்களுக்கு அது சும்மா கிடக்கிற மணல்.

ஒல்லாந்திலே அம்ஸ்ரர்டாம் நகரத்துக்கு 1853இல் குழாய்த் தண்ணீர் வந்ததே கடலோர மணல்மேடுகளிலிருந்துதான். அளவுக்கு மிஞ்சி எடுக்க எடுக்க உப்பு ஏறத் தொடங்கியது. பிறகு ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து அதே மணலுக்குள் விட்டு வடிக்க வேண்டி வந்தது. மணலை வைத்திருந்தபடியால்தான் அதையாவது செய்ய முடிந்தது. நமக்கோ இரவில் உழவு இயந்திரப் பெட்டியில் மணல் ஏற்றுகிற சத்தம் கேட்டுப் பழகிவிட்டது.

மேடு எப்படி வளர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த மணலைக் காற்று தள்ளிக்கொண்டு வரும்போது, முன்னுக்கு நிற்கிறது இராவணன் மீசை. பேருக்கேற்ற முள்ளுப் புல். காலில் குத்தும், செருப்போடு போங்கள். காற்று அதில் தட்டுப்பட்டு வேகம் குறைய, மணல் அங்கேயே விழுகிறது. புல்லைப் புதைக்கும். புல் மேலே எட்டிப் பார்க்கும். திரும்பப் புதைக்கும். இப்படிப் போட்டிபோட்டு உயர்ந்ததுதான் மேடு. அதன் பெண் பூங்கொத்து உருண்டையாக முள்ளுப் பந்து மாதிரி இருக்கும், காய்ந்து முறிந்தால் கடற்கரை முழுக்க ஓடித் திரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அதற்குப் பின்னால் ஓடவிடுங்கள். பின்னால் அடும்புக்கொடி, குதிரைக் குளம்பு அடையாளம் போன்ற இலையோடு. அதற்கும் பின்னால் தாழை, எருக்கு.

மேடு ஒரு இடத்தில் நிற்காது. செடி போனால் நகரும். இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு இல்லை. குறுந்தொகையிலே உலோச்சனார் சொல்கிறார், அடும்பு படர்ந்த மணல்மேடு ஏறிவந்து அடிமரத்தை மூட, "நெடும்பனை குறிய ஆகும்" என்று. நெட்டைப் பனை குட்டையாகிவிட்டதாம்! காதல் பாட்டுத்தான், தலைவன் ஊரைச் சொல்ல வந்த வரி. எனக்கு அது மணல் நகர்வதை நின்று பார்த்த ஒருவருடைய குறிப்பு. கழுத்தளவு மணலில் நிற்கிற பனை வடமராட்சியில் புதினம் இல்லை. அந்தோனியார் கோயிலுக்கு நடந்ததும் அதுதான்.

சவுக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. நிழல் நல்லது, இரைச்சல் நல்லது, மணலையும் பிடிக்கும். ஆனால் அதன் கீழே சருகைத் தவிர வேறொன்றும் லேசில் முளைக்காது. இன்னும் நடவேண்டும் என்கிறவர்களோடு நான் சண்டை பிடிக்கமாட்டேன். இராவணன் மீசையைப் பிடுங்கிவிட்டு நட்டால் பிடிப்பேன்.

தொழில்நுட்பவியலாளர் தம்பி கையைக் காட்டுகிறார். 2004 கடற்கோளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியாது. மணற்காடும் உயிர்களைக் கொடுத்த ஊர். தெற்கே யாலப் பக்கம் மேடு நின்ற இடங்கள் தப்ப, மேடு வெட்டப்பட்ட இடத்தால் கடல் உள்ளே புகுந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வல்லிபுரத்துக் கதை முழுக்க விடுபட்டுவிட்டது. 1936இல் அங்கே கிடைத்த, வசப மன்னன் பெயர் சொல்லும் பொன்னேடு. புரட்டாசிப் பூரணையில் அந்த ஊர்க் கோயிலின் விஷ்ணு, ஆழ்வார் என்று நாங்கள் கூப்பிடுகிறவர், மணலைக் கடந்து கடல் தீர்த்தம் ஆடப் போவது. அது தனியாக ஒரு நாள் பேச்சு. கூப்பிட்டால் வருவேன்.

போகிறவர்களுக்கு: வெய்யில் தாழ நாலு மணிக்குப் பிறகு போங்கள். ஊர்க்காரர் நடக்கிற ஒற்றையடிப் பாதையிலேயே மேட்டில் ஏறுங்கள், செடியை மிதித்துப் புதுப் பாதை போடாதீர்கள். வாகனத்தை மேட்டில் ஏற்றவே வேண்டாம். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாடைக்காற்றில் கடல் பொல்லாதது, குளிக்க இறங்காதீர்கள். மற்ற மாதங்களிலும் கரையில் வலை திருத்துகிற ஆட்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். நேரம் சரி. நன்றி, வணக்கம்.