கொள்ளிடம் தாண்டி, கடல் இருந்த இடத்துக்கு

வணக்கம் மக்களே. ஒரு காலத்தில் கடலாக இருந்த பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கு, கல்லாகிப்போன கடல் உயிர்களை, அதாவது புதைபடிவங்களைப் பார்க்க, விடியற்காலையே தஞ்சாவூரை விட்டுக் கிளம்பிவிட்டோம். வண்டியை என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார். பின்னால் பிள்ளைகளும், எங்கள் நாய்கள் கருப்பனும் செவலையும். கொள்ளிடத்தில் இப்போது வெறும் மணல்தான். திருமானூர் தாண்டியதும் நெல்வயல் போய் முந்திரித் தோப்பு வருகிறது, அப்புறம் சிமெண்ட் லாரிகள். அந்தச் சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல்லே கடல் கொடுத்ததுதான்.

இதோ, காரைக்கு வந்துவிட்டோம். நன்றாகப் பாருங்கள். மழை அரித்த களிமண் மேடுகள், ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கின்றன. நடுநடுவே மின்னுவது ஜிப்சம். இந்தச் சுருள், அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவம். கணவாய், ஆக்டோபஸ் இனத்துக்குச் சொந்தம். 6.6 கோடி ஆண்டுக்கு முன்னால் டைனோசர்கள் அழிந்த காலத்தில் இதுவும் அழிந்தது. துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கிறதே, இது பெலம்னைட், கணவாய் மாதிரியான ஒரு கடல் உயிரின் உள் ஓடு.

"இங்கே எப்படிம்மா கடல் வந்தது?" என்று சின்னவன் கேட்கிறான். இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரே நிலமாக இருந்து பிரிந்தபோது நம் கிழக்கு ஓரம் பிளந்து பள்ளமானது. அதற்குள் கடல் ஏறியது. அதுதான் காவிரிப் படுகை. இங்கே வெளியே தெரியும் இதே காலத்துப் பாறைகள் நம் டெல்டாவில் வண்டலுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கின்றன. எண்ணெய்க் கிணறுகள் அந்த அடுக்குகளையும் துளைக்கின்றன. நாம் நடவு நடும் மண்ணுக்கும் இந்த மேட்டுக்கும் அடித்தளம் ஒன்று என்பதை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாய்களைக் கூட்டி வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே நிழலே கிடையாது. புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயை நடக்க விடாதீர்கள். அதற்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும். மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். தண்ணீரும் கிண்ணமும் கையிலேயே இருக்கட்டும். கண்ணாடியை இறக்கிவிட்டாலும் வெயிலில் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது. ஆடு மேய்கிற இடம், அதனால் கயிற்றையும் அவிழ்க்க வேண்டாம்.

அப்புறம், கையெடுத்துக் கேட்கிறேன், எதையும் எடுத்துப் போகாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைச் சொல்ல முடியும். வீட்டு அலமாரிக்குப் போய்விட்டால் அந்தச் சேதி போனது போனதுதான். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இங்கே சரிவில் யாரோ தோண்டிய குழிகளைப் பார்க்கவே மனது கொதிக்கிறது.

சாத்தனூர் இங்கிருந்து கிட்டேதான். சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் அங்கே படுத்திருக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டு பதிவு செய்தது. கடலில் விழுந்து சேற்றில் புதைந்த மரம் அது. இன்றைக்கு வேலி போட்டுக் காக்கிறார்கள். நாய்களை வேலிக்கு வெளியே நிறுத்திக்கொள்வோம்.

வெயில் ஏறுவதற்குள் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய்விடுவோம். அவர் நாய்களோடு மர நிழலில் இருப்பார், நாங்கள் பார்த்துவிட்டு வந்ததும் அவர் உள்ளே போவார். வழியில் முதலில் வருவது அதுதான், ஆனாலும் கடைசியில் வைத்திருக்கிறேன். மண்ணில் கிடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு போனால், பிள்ளைகள் பெயர்ப்பலகையைத் தாங்களாகவே நின்று படிப்பார்கள்.