4040-க்கு அடுத்த தட்டு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு கேக்குதா? சரி. இன்னைக்கு நான் பேசப்போறது ப்ளூ நோட் ரெக்கார்ட்ஸ் பத்தி, அதுலயும் குறிப்பா 1960லேர்ந்து 64 வரைக்கும் அவங்க போட்ட ஆல்பங்கள் பத்தி. நியூயார்க்ல இருந்த சின்ன ஜாஸ் கம்பெனி. அது பொறந்தது 1939ல. அங்கேர்ந்து ஆரம்பிச்சா நாம வீட்டுக்கு போக ராத்திரி ஆயிடும். அதனால 1960 ஜூன் மாசத்துல ஒரே ஒரு வாரத்த மட்டும் முதல்ல எடுத்துக்கறேன்.

ஜூன் 19, ஞாயித்துக்கிழமை. ஃப்ரெடி ஹப்பர்டுன்னு ஒரு பையன், இண்டியானாபொலிஸ்லேர்ந்து வந்தவன், 22 வயசு, ட்ரம்பெட். அவன் பேர்ல முதல் ஆல்பம் அன்னைக்கு ரெக்கார்ட் ஆகுது, பேரு ஓப்பன் செசமி, நாம சின்ன வயசுல திறந்திடு சீசேம்னு கத்துவோமே அதேதான். பியானோல மெக்காய் டைனர், அவருக்கு 21 வயசு. டெனர் சாக்ஸ்ல, அதாவது சாக்ஸபோன்ல, டினா ப்ரூக்ஸ்னு ஒருத்தர். பேர பாத்து பொண்ணுன்னு நினைச்சுடாதீங்க, நிஜப்பேரு ஹரால்ட், சின்ன உருவம், சின்னப்பையன்ல கூப்பிட்ட செல்லப்பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. அந்த ஆல்பத்தோட டைட்டில் பாட்டே இவர் எழுதுனதுதான், ஜிப்ஸி ப்ளூன்னு இன்னொண்ணும் இவரோடது.

ஆறு நாள் கழிச்சு, ஜூன் 25 சனிக்கிழமை, அதே ஸ்டுடியோ. இப்ப டினா ப்ரூக்ஸ் பேர்ல ஆல்பம், ட்ரூ ப்ளூ. ட்ரம்பெட்ல அதே ஹப்பர்ட், பேஸ்ல அதே சாம் ஜோன்ஸ். போன வாரம் நீ தலைவன் நான் துணை, இந்த வாரம் நான் தலைவன் நீ துணைன்னு மாறி உக்காந்து வாசிக்கிறாங்க. கம்பெனி கேட்டலாக்ல ஓப்பன் செசமி 4040, ட்ரூ ப்ளூ 4041. பக்கத்து பக்கத்து நம்பர். அடுத்தடுத்த வீடு மாதிரி.

4040 காரரு அடுத்த வருஷம் ட்ரம்ஸ்காரர் ஆர்ட் பிளேக்கியோட ஜாஸ் மெசெஞ்சர்ஸ் குழுவுல சேர்ந்து உலகம் பூரா சுத்துனாரு, 61ல ரெடி ஃபார் ஃப்ரெடி, 62ல ஹப் டோன்ஸ்னு அடுக்கிக்கிட்டே போனாரு. 4041 காரருக்கு உயிரோட இருக்கும்போது அவர் பேர்ல வெளிவந்தது அந்த ஒரே தட்டுதான். ஏன் இந்த ரெண்டு தட்டையும் முதல்லயே சொல்றேன்னா, ப்ளூ நோட்டோட அந்த அஞ்சு வருஷத்த எல்லாரும் பொற்காலம்னு சொல்லுவாங்க, நானும் சொல்லுவேன், ஆனா வெளிய வந்தத மட்டும் பாத்தா பாதி கதைதான் தெரியும்.

முதல்ல கம்பெனின்னா யாரு? ரெண்டே பேரு. ஆல்ஃப்ரெட் லயன், ஃபிரான்சிஸ் வுல்ஃப். ரெண்டு பேருமே பெர்லின்காரங்க, இளவயசு சிநேகிதங்க. லயன் முன்னாடியே அமெரிக்கா வந்துட்டாரு, வுல்ஃப் யூதர், ஹிட்லர் ஆட்சியில மாட்டிக்கிட்டு 1939 கடைசியிலதான் எப்படியோ கப்பல் பிடிச்சு வந்து சேர்ந்தாரு. லயன் இசைய பாத்துக்கிட்டாரு, வுல்ஃப் கணக்கயும் கேமராவயும் பாத்துக்கிட்டாரு. நீங்க பாத்திருப்பீங்களே அந்த கறுப்பு வெள்ளை படங்கள், சிகரெட் புகை, நெத்தி வேர்வை, கண்ண மூடிக்கிட்டு வாசிக்கிற முகம், அதெல்லாம் ரெக்கார்டிங் நடக்கும்போதே வுல்ஃப் எடுத்தது. அத வெட்டி ஒட்டி கவர் ஆக்குனவரு ரீட் மைல்ஸ். அவருக்கு ஜாஸ்ல பெருசா ஈடுபாடு கிடையாது, கேக்குறது வெஸ்டர்ன் கிளாசிக்கல். ஒருவேளை அதனாலதான் இசைக்காரர் முகத்துக்கு மயங்காம எழுத்தயே படமா நிறுத்துற தைரியம் அவருக்கு வந்துச்சோன்னு எனக்கு தோணும்.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயம், கொஞ்சம் நிதானமா சொல்றேன். லயன் ரிகர்சலுக்கு காசு கொடுத்தாரு. கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா அந்த காலத்துல சின்ன ஜாஸ் லேபிள்கள்ல வழக்கம் என்னன்னா, பசங்கள கூப்பிடு, நேரா ஸ்டுடியோவுக்கு கூட்டிட்டு போ, எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய பாட்டு நாலு, ஒரு ப்ளூஸ், மத்தியானத்துக்குள்ள ஒரு எல்பி ரெடி. வாசிக்கிறவங்க மேதைங்க, அதனால அதுவும் நல்லாத்தான் இருக்கும். ஆனா புதுசா ஒருத்தன் பாட்டு எழுதிட்டு வந்தா, அதுல ரெண்டு குழல், அதாவது ட்ரம்பெட்டும் சாக்ஸும், சேர்ந்து வர்ற இடம், நடுவுல தாளம் உடையுற இடம், இதெல்லாம் கைக்கு வரணும்னா உக்காந்து பழகணும், பழகணும்னா யாராவது அதுக்கு கூலி கொடுக்கணும். லயன் கொடுத்தாரு. அதனாலதான் இருபது இருபத்திரண்டு வயசு பசங்க தைரியமா சொந்த பாட்டு எழுதிட்டு வந்தாங்க. ப்ளூ நோட்டுக்கும் மத்த கம்பெனிக்கும் வித்தியாசம் ரெண்டு நாள் ரிகர்சல்தான்னு சொல்லுவாங்களாம். ட்ரூ ப்ளூ கேட்டீங்கன்னா ரெண்டு குழலும் ஒரே மூச்சுல ஆரம்பிச்சு ஒரே மூச்சுல முடியும், அது தானா வந்ததில்ல, அது கூலி கொடுத்து வாங்குன பொழுது.

ரெக்கார்டிங் நடந்தது நியூஜெர்சில, இங்கிள்வுட் கிளிஃப்ஸ்ங்கற ஊர்ல, ரூடி வான் கெல்டரோட ஸ்டுடியோ. அந்த மனுஷன் தொழில்ல கண் பரிசோதகர், வருஷக்கணக்கா ஹாக்கன்சாக்ல அப்பா அம்மா வீட்டு கூடத்துலயே ரெக்கார்டிங் பண்ணிட்டு இருந்தாரு, 1959ல வேலைய விட்டுட்டு சொந்தமா கட்டுனாரு. உள்ள போனா கோயில் மாதிரி இருக்கும்னு எல்லாருமே சொல்லியிருக்காங்க, 39 அடி உயர கூரை, பெரிய பெரிய மர வளைவுகள் மேல போய் சேரும். மைக்க வேற யாரும் தொடக்கூடாது, கருவிகள தொடும்போது கையுறை போட்டுக்குவாரு. சத்தத்த நேரா ரெண்டு ட்ராக் டேப்புல பிடிக்கிறது, பின்னாடி உக்காந்து சரி பண்ணிக்கலாம்ங்கற பேச்சே கிடையாது.

இந்த தட்ட பாருங்க, வெளிச்சத்துல சாய்ச்சு பிடிக்கிறேன். பாட்டு முடிஞ்சு லேபிள் காகிதம் ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல ஒண்ணும் இல்லாத ஒரு வழவழப்பான வட்டம் இருக்குல்ல, அங்க ஊசியால கீறுன மாதிரி ஆர்விஜின்னு மூணு எழுத்து. ரூடி வான் கெல்டர். மாஸ்டர் தட்டையும் அவரேதான் வெட்டுவாரு, வெட்டி முடிச்சதும் கையால கீறுன கையெழுத்து அது. பக்கத்துலயே காது மாதிரி ஒரு சின்ன குறி தெரியுதா? அது தட்டு அச்சடிச்ச பிளாஸ்டிலைட் ஃபேக்டரியோட பி எழுத்து, கோணலா விழுந்து காது மாதிரி ஆயிடுச்சு. பழைய தட்டு வாங்குறவங்க முதல்ல தேடுறது அந்த காதத்தான். எனக்கு என்ன பிடிக்கும்னா, இசைக்காரர் பேரு கவர்ல பெருசா இருக்கு, ஆனா தட்டுலயே கீறியிருக்கிறது கூடத்துல உக்காந்து சத்தம் பிடிச்ச மனுஷனோட எழுத்து.

அந்த வருஷங்கள்ல வந்தத எல்லாம் சொல்ல நேரம் பத்தாது, வேகமா போறேன். 60 பிப்ரவரில சாக்ஸ்காரர் ஹாங்க் மோப்ளியோட சோல் ஸ்டேஷன், எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாத அழகு. அதே வருஷம் ஏப்ரல் 25, ஆர்கன் வாசிக்கிற ஜிம்மி ஸ்மித் ஒரே நாள்ல ரெண்டு ஆல்பத்துக்கு வாசிச்சாரு, மிட்நைட் ஸ்பெஷல் 61ல வந்துச்சு, பேக் அட் தி சிக்கன் ஷேக் 63ல வந்துச்சு. இவரோட பாட்டுதான் சின்ன 45 தட்டா ஜூக்பாக்ஸ்ல ஓடி கம்பெனிக்கு சோறு போட்டுச்சு, இத மறக்கக்கூடாது. 62 மே மாசம் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக்கோட முதல் ஆல்பம். 62 ஆகஸ்ட்ல சாக்ஸ்காரர் டெக்ஸ்டர் கோர்டனோட ஆல்பம், பேரு கோ, என்கிட்ட யாராவது ஜாஸ் எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா நான் கையில கொடுக்குற தட்டு அதுதான்.

ஒரே ஒரு செஷன் மட்டும் விரிவா சொல்றேன். 1963 நவம்பர் 4, கிடார்காரர் கிராண்ட் கிரீன் ஆல்பம் ஐடில் மொமென்ட்ஸ். டைட்டில் பாட்டு எழுதுனது பியானோ வாசிச்ச டியூக் பியர்சன், மெதுவான பாட்டு, ஏழு நிமிஷத்துல முடியணும்னு கணக்கு. அதுல ஒரு சுத்துன்னா 16 பாரா, அதாவது 16 தாளக்கட்டா, இல்ல ரெண்டு தடவ சேர்த்து 32ஆன்னு ஒரு குழப்பம். கிரீன் தன் முறை வந்ததும் 32 பார்ல முடிக்க வேண்டியவரு கண்ண மூடிக்கிட்டு 64 பார் வாசிச்சுட்டாரு. அடுத்து வந்தவங்களும் அவர் போன வழியிலயே போனாங்க. முடிஞ்சு பாத்தா கிட்டத்தட்ட 15 நிமிஷம். ஒரு எல்பில ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம்தான் நல்லா நிக்கும், அதுக்கு மேல போனா சத்தம் தேயும். மறுபடி சுருக்கமா வாசிச்சு பாக்கலாம்தான், ஆனா அந்த மூட் திரும்ப வருமா? கடைசியில இந்த 15 நிமிஷத்த தொடாம விட்டுட்டு, 15ஆம் தேதி எல்லாரும் திரும்ப வந்து வேற ரெண்டு பாட்ட சின்னதா வாசிச்சு இடம் பண்ணி கொடுத்தாங்க. தப்பா போன ஒரு கணக்குக்காக இன்னொரு நாள் ஸ்டுடியோ வாடகை, இன்னொரு நாள் சம்பளம். இந்த கதைய நினைச்சா லயன் மேல எனக்கு அவ்வளவு மரியாதை வருது.

இப்ப 4041க்கு வரேன்.

ட்ரூ ப்ளூவுக்கு அப்புறம் அதே 1960ல டினா ப்ரூக்ஸ் இன்னொரு ஆல்பம் ரெக்கார்ட் பண்ணாரு, பேக் டு தி ட்ராக்ஸ். அதுக்கு 4052ன்னு நம்பர் போட்டாங்க, கவர் டிசைன் ஆச்சு, விளம்பரத்துல பேரு வந்துச்சு, தட்டு மட்டும் வரல. 61 மார்ச்ல இன்னொண்ணு. அதுவும் டேப்போட நின்னு போச்சு. அதுக்கும் முன்னாடி 58ல எடுத்த ஒண்ணு, அதுல அவர்கூட வாசிச்சது ட்ரம்பெட் லீ மோர்கன், ட்ரம்ஸ் ஆர்ட் பிளேக்கி, சாதாரண ஆளுங்களா, அதுவும் அலமாரியில. நாலு ரெக்கார்ட் பண்ணி ஒண்ணுதான் கடைக்கு வந்துச்சு. 61க்கு அப்புறம் அவர் ஸ்டுடியோ பக்கமே வரல, ஹெராயின் பழக்கம், உடம்பு போச்சு. 1974 ஆகஸ்ட்ல, 42 வயசுல செத்துப்போனாரு.

இவர் மட்டும் இல்ல. கிராண்ட் கிரீனும் பியானோ சோனி கிளார்க்கும் 61 டிசம்பர், 62 ஜனவரின்னு சேர்ந்து வாசிச்சது வரிசையா மூணு ஆல்பம் தேறும், எல்லாம் 1980லதான் முதல்ல வந்துச்சு. சோனி கிளார்க் 63 ஜனவரி 13ல 31 வயசுல போயிட்டாரு. அதுக்கு மூணு நாள் கழிச்சு ஐக் கியூபெக், டெனர் சாக்ஸ் வாசிப்பாரு, அதோட லயனுக்கு காது மாதிரி இருந்தவரு, யார கூப்பிடலாம் யாருக்கு சான்ஸ் கொடுக்கலாம்னு சொன்னவரு, அவரும் போயிட்டாரு. ஒரே வாரத்துல ரெண்டு சாவு. அந்த கம்பெனி அந்த வாரத்த எப்படி தாண்டுச்சோ.

சின்ன கம்பெனி மாசத்துக்கு இத்தன தட்டுதான் கடைக்கு தள்ள முடியும்ங்கறது எனக்கும் புரியுது, ஆனாலும் ரிகர்சலுக்கு காசு கொடுத்து, ஸ்டுடியோவுக்கு கொடுத்து, கவர் வரைக்கும் வந்து, வாசிச்சவன் கையில ஒரு தட்டு கூட கொடுக்காம விட்டது எனக்கு மனசுல உறுத்திக்கிட்டேதான் இருக்கு. மரியாதையும் இருக்கு, இந்த உறுத்தலும் இருக்கு, ரெண்டும் ஒரே ஆள் மேலதான்.

பொற்காலம் முடிஞ்சதும் தோல்வியால இல்ல. 63 டிசம்பர் 21, லீ மோர்கன் தி சைட்வைண்டர் ரெக்கார்ட் பண்ணாரு, 64 ஜூலைல வந்துச்சு. முதல்ல அடிச்சது 4000 தட்டு. மூணு நாலு நாள்ல காலி. பில்போர்ட்னு அமெரிக்க இசைப் பத்திரிகை போடுற ஆல்பம் லிஸ்ட்ல 25வது இடம் வரைக்கும் போச்சு, கிரைஸ்லர் கார் விளம்பரத்துல வேற ஓடுச்சு. நல்ல விஷயம்தானே? ஆனா தட்ட வாங்கி விக்கிற ஏஜெண்டுங்க அடுத்து இதே மாதிரி இன்னொண்ணு கொடு, இன்னொண்ணு கொடுன்னு கழுத்துல உக்காந்தாங்க. அப்புறம் நிறைய ஆல்பம் முதல் பாட்டுலயே அந்த தாளத்த தேடிக்கிட்டு ஆரம்பிக்கும், கேட்டா உங்களுக்கே தெரியும். அதே 64 பிப்ரவரில சாக்ஸ்காரர் எரிக் டால்ஃபி அவுட் டு லஞ்ச்ங்கற ஆல்பத்த ரெக்கார்ட் பண்ணியிருந்தாரு, கவர்ல கடைக்கதவுல தொங்குற அட்டை, திரும்ப வருவோம்னு எழுதி கீழ ஒரு கடிகாரம், கடிகாரத்துல ஏகப்பட்ட முள்ளு, எந்த மணிக்குன்னே தெரியாது. ஆல்பம் வெளிய வர்றதுக்குள்ள ஜூன் 29 பெர்லின்ல டால்ஃபி இறந்துட்டாரு. 65ல லயனும் வுல்ஃபும் கம்பெனிய லிபர்ட்டிங்கற இன்னொரு ரெக்கார்ட் கம்பெனிக்கு வித்தாங்க, 67ல லயன் ஒதுங்கிட்டாரு.

டேப்பெல்லாம் கிடங்குல கிடந்துச்சு. 1975ல மைக்கேல் கஸ்குனான்னு ஒருத்தர் உள்ள போக அனுமதி வாங்கி, ஒவ்வொரு டேப்பா போட்டு கேட்டு, யார் வாசிக்கிறது எந்த நாள்னு வருஷக்கணக்கா உக்காந்து எழுதுனாரு. 1985ல அவரோட மொசைக் லேபிள்ல டினா ப்ரூக்ஸ் ப்ளூ நோட்ல வாசிச்ச நாலு ஆல்பமும் ஒரே பெட்டியில வந்துச்சு. ப்ரூக்ஸ் செத்து பதினோரு வருஷம்.

போதும், நான் பேசுனது. ஃபேன கொஞ்சம் நிறுத்துங்க தம்பி, ஊசி வைக்கிறேன். இது ட்ரூ ப்ளூ, முதல் பக்கம் முதல் பாட்டு, குட் ஓல்ட் சோல். ட்ரம்பெட் ஹப்பர்ட், போன சனிக்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியாத பையன். டெனர் சாக்ஸ் அவரு.