பட்டாளத்து எக்ஸ்ரேயும் பாட்டியின் இடுப்பும்

வணக்கம் நேயர்களே. ராணுவத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பழகியவர்கள் மருத்துவமனை வேலைக்கு மாறுவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நானும் அந்த வழியாக வந்தவன்தான்.

நம் சிங்கப்பூரில் உங்கள் வீட்டில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, போன பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். சேருமுன் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். "தாடையைத் தூக்கு, கையை இடுப்பில் வை, தோளை முன்னால் தள்ளு, மூச்சை இழு, பிடி!" தோளை ஏன் தள்ளச் சொல்கிறோம்? தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமல் ஒதுங்கத்தான். இளவட்டம், சொன்ன மாத்திரத்தில் செய்வான்.

மருத்துவமனையில் வருபவர் எண்பது வயதுப் பாட்டி. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்திருக்கும். பக்கவாட்டில் ஒரு படம் வேண்டும். ஆனால் அவரைப் புரட்டக் கூடாது. அடிபட்ட காலை அசைக்கவே கூடாது. நல்ல காலை மடக்கி உயர்த்தி வைத்து, அதன் அடி வழியாகக் கதிர் கிடைமட்டமாகப் பாயும்படி கருவியைத் திருப்ப வேண்டும். பாட்டி கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். மறுபடி எடுத்தால் மறுபடியும் கதிர்வீச்சு.

அங்கே அதிகாரக் குரல் எடுபடாது. "பாட்டி, இந்த நல்ல காலைத்தான் தூக்கப் போறேன். வலிக்கிற காலைத் தொடமாட்டேன்" என்று முதலில் சொல்லணும். அவர் தலையாட்டிய பிறகுதான் கை வைக்கணும். ராணுவத்திலிருந்து வரும் ஒவ்வொரு தம்பியிடமும் தங்கையிடமும் இதைத்தான் சொல்வேன்: முதலில் சொல்லு, பிறகு தொடு. இன்னொரு தடவையும் சொல்கிறேன், முதலில் சொல்லு, பிறகு தொடு.

அதற்காகப் பட்டாளத்துப் பழக்கம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நடுராத்திரி அவசரப் பிரிவில் பதறாமல் நிற்க அதுதான் கைகொடுக்கும். இந்தத் துறைக்கும் போர்க்களத்துக்கும் உறவு பழையது. முதல் உலகப் போரில் மேரி கியூரி அம்மையார் எக்ஸ்ரே கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு காயம்பட்டவர்களைத் தேடிப் போனார். மகள் ஐரீனும் கூடப் போனார். சிடி ஸ்கேனைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டு இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் ரேடார் சொல்லிக் கொடுத்தவர். 1971இல் அவருடைய கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1979இல் நோபெல் பரிசு.

தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். படிப்பைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். ராணுவ அனுபவம் மட்டும் போதாது. இங்கே ரேடியோகிராஃபராக, அதாவது எக்ஸ்ரே எடுப்பவராக, வேலை பார்க்க, துணை மருத்துவத் தொழிலர்களைப் பதிவு செய்யும் அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சிலில் பதிவு வேண்டும். சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் 2016 முதல் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஓஆர்டி (தேசிய சேவை முடியும் நாள்) ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்காமல், சேவையில் இருக்கும்போதே விசாரித்து விண்ணப்பித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.